மேகத்தை ஊடுருவும் அலைகள்

கண்ணுக்குப் புலனாகும் ஒளி, மின்காந்த அலைகள் என்னும் பெருங்குடும்பத்தின் ஒரு சிறு பிரிவேயாகும். ஒளியும் ஒரு மின்காந்த அலையே என்னும் கருத்தை 1865-இல் மாக்ஸ்வெல் கணித வாயிலாக நிறுவினார். 1895-இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் மில்லிமீட்டர் அளவிலான அலைகளைச் சுவருக்கு அப்பால் செலுத்தி, அங்கிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். ஒளியைத் தடுக்கும் சுவர் அவ்வலைகளைத் தடுக்கவில்லை.

வெற்றிடத்தில் மின்காந்த அலைகள் யாவும் விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. அவற்றை வேறுபடுத்துவது அலைநீளமே. வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். சான்றாக, 2012 ஏப்ரலில் ஏவப்பட்ட ரிசாட்-1 செயற்கைக்கோளின் ரேடார் விநாடிக்கு 535 கோடி அதிர்வுகள் கொண்ட நுண்ணலைகளைப் பயன்படுத்தியது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 5.6 சென்டிமீட்டர்.

இந்த வேறுபாடு அசாம் மாநிலத்திற்கு மிக முக்கியமானது. பிரம்மபுத்திராவில் வெள்ளம் பெருகும் பருவமழைக் காலத்தில்தான் வானத்தை மேகம் மூடியிருக்கும். 1988-இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ போன்ற செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து எதிரொளிக்கும் சூரிய ஒளியைக் கொண்டே படமெடுத்தன. ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் அதில் 4 முதல் 7 கூறு அளவே. மேகத்தின் நீர்த்துளிகள் இதைவிடப் பன்மடங்கு பெரியவை. ஆதலால் ஒளி சிதறிவிடுகிறது. நுண்ணலைக்கோ அத்துளிகள் மிகச் சிறியவை; ஆகவே அது பெரும்பாலும் தடையின்றிச் செல்கிறது. ரேடார் தன் அலைகளைத் தானே அனுப்புவதால் இரவிலும் இயங்கும்.

தேங்கிய நீரின் பரப்பு வழவழப்பானது. சாய்வாக விழும் அலையை அது மறுபுறம் எதிரொளித்துவிடுவதால், படத்தில் நீர்ப்பகுதி கருமையாகத் தோன்றுகிறது. கரடுமுரடான நிலமோ அலையின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பி வெளிறித் தெரிகிறது. இவ்வேறுபாட்டைக் கொண்டு வெள்ளத்தின் எல்லை வரையப்படுகிறது.

எனினும் இம்முறைக்கும் வரம்புகள் உண்டு. காற்றால் அலையெழும் நீர் நிலம்போல் தோன்றக்கூடும். அடர்ந்த மரங்களின் கீழ் தேங்கிய நீரைக் குறுகிய அலைகள் காண்பதரிது. 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, இந்திய-அமெரிக்கக் கூட்டு முயற்சியான நிசார் செயற்கைக்கோளின் ரேடார்களுள் ஒன்று 24 சென்டிமீட்டர் அலைநீளமுடையது. நீண்ட அலை இலைகளை எளிதில் ஊடுருவும்.

எந்தக் கிராமம் நீரால் சூழப்பட்டுள்ளது என்பதை உரிய நேரத்தில் அறிந்தால்தான் படகும் உணவும் அங்கு சென்று சேரும். அதற்கு ஏற்ற அலைநீளத்தைத் தேர்வதே முதற்படியாகும்.