பார்வைப் புள்

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையை யாம் முதன்முறை பயின்றபோது, ஒரு சொல் எம்மை இடறச் செய்தது. எயினர் குடியிருப்பின் முற்றத்தே, தேய்ந்த தாளையுடைய விளாமரத்தில் 'பார்வை' கட்டப்பட்டிருக்கின்றது என்கின்றார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அம்மர நிழலிலேயே பெண்டிர் நிலவுரலிற் புல்லரிசி குற்றுகின்றனர். கண்ணின் தொழிலாகிய பார்வையை மரத்திற் கட்டுதல் எங்ஙனம் என யாம் மயங்கினோம். உரை நோக்கியபின் மயக்கம் தீர்ந்தது. காட்டு மானைப் பிடித்தற்பொருட்டுப் பழக்கி வைத்த மானே ஈண்டுப் 'பார்வை' எனப்பட்டது. 'தீவகம்' என்னும் சொல்லும் இப்பொருளில் வழங்கும். ஓரினத்தைக் காட்டி அவ்வினத்தையே அகப்படுத்தும் இக்கருவியின் வரலாற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பார்வை இருவகைப்படும்: உயிருள்ளது, உயிரற்றது. கூட்டிலடைத்த கௌதாரியைப் புதரருகே வைத்து, அதன் குரல் கேட்டு வரும் கௌதாரிகளைக் கண்ணியிற் படுத்தல் நம் நாட்டு வழக்கு. இது முதல்வகை. மரத்தாலும் கோரையாலும் புள்ளுருவம் செய்து நீரில் மிதக்கவிடுதல் இரண்டாம் வகை. உயரப் பறந்து செல்லும் வாத்து, கீழே தன்னினம் அமைதியாய் மிதத்தலைக் காணின், 'ஆங்கே இரையுண்டு; இடரில்லை' எனத் துணிந்து இறங்கும். அத்துணிவே அதற்குக் கேடாகின்றது.

இவற்றோடு ஒருபுடை ஒத்த சூழ்ச்சியொன்றும் இந்திய நாட்டு ஏரிகளில் இருந்தது. வேட்டுவர் வெறும் மண்பானைகளைச் சில நாள் நீரில் மிதக்கவிடுவர். முதலில் அஞ்சி விலகிய புட்கள் நாளடைவில் அவற்றைப் பொருட்படுத்தா. பின்னர் ஒருவன் பானையைத் தலையிற் கவிழ்த்துக் கழுத்தளவு நீரில் மெல்ல நடந்து சென்று, வாத்தின் காலைப் பற்றி நீருள் இழுத்துக்கொள்வான். பழக்கம் அச்சத்தைக் கொல்லும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதின்று.

புள்ளுருவம் செய்யும் கலை ஓங்கியது வட அமெரிக்காவிலாம். நெவாடா மாநிலத்து லவ்லாக் குகையில், 1924ஆம் ஆண்டில் அகழ்ந்தோர் 11 வாத்துருவங்களைக் கண்டெடுத்தனர். அந்நாட்டுத் தொல்குடியினர் கோரைத் தண்டுகளை மடித்துக் கட்டி, வண்ணந்தீட்டிச் செய்தவை அவை; ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையுடையன. பின்னர்க் குடியேறிய ஐரோப்பியர் அவ்வழக்கத்தை மேற்கொண்டு, தேவதாரு போன்ற மென்மரங்களிற் செதுக்கலாயினர். உடலைக் குடைந்து இலேசாக்குவர். தலையைத் தனியே செதுக்கிப் பொருத்துவர். கவிழாதிருக்க அடியில் ஈயம் பதிப்பர். ஒழுகிப் போகாதிருக்கக் கயிற்றிற் கட்டி நங்கூரமிடுவர். வண்ணம் பளபளத்தல் ஆகாது. ஒளிரும் உருவைக் கண்டால் புள் அஞ்சி விலகும். செதுக்கியோருட் பலர் மீனவரும் படகு செய்வோருமாவர். தாம் செய்வது கலையென அவர் கருதவில்லை. எம் ஊராகிய திருப்பூரிற் பனியன் தைப்போர் தைத்த துணியில் தம் பெயரைத் தையாதவாறு போல, அவருட் பலர் தம் பெயரைப் பொறித்திலர்.

விற்பனைக்காகப் புட்களை ஆயிரக்கணக்கிற் கொன்றமையால் அவற்றின் தொகை குன்றிற்று. எனவே 1918ஆம் ஆண்டில் வலசைப் புட்களைக் காக்கும் சட்டம் அந்நாட்டில் தோன்றிற்று. 1935இல் உயிர்ப்பார்வை வைத்து வாத்து வேட்டையாடலும் தடுக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் ஜோயல் பார்பர் என்பார் இம்மரப்புட்களைப் பற்றித் தனிநூல் வெளியிட்டார்; அதன்பின் அவற்றைத் தேடித் தொகுப்போர் பெருகினர். மசாச்சூசெட்ஸ் மாநிலத்து எல்மர் குரோவெல் செதுக்கிய இரண்டு புட்கள், 2007ஆம் ஆண்டில் ஒவ்வொன்றும் 11 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயின. கொலைக்கருவி கலைப்பொருளாயிற்று, அதன் வஞ்சம் உலர்ந்தது, கைவினை மட்டும் எஞ்சிற்று.

நம் நாட்டு நிலையும் நினைக்கத்தக்கது. பரத்பூரில் 1938ஆம் ஆண்டில் ஒரே நாளில் 4,273 புட்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. இன்று அவ்விடம் தேசியப் பூங்கா. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை தடுக்கப்பட்டது. எம் ஊரருகே நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் இராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. சாயக்கழிவால் நொய்யல் நிறம் மாறியதும், 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடப் பணித்ததும் கண்ட ஊரிலே, புட்கள் பார்வையின்றித் தாமே வந்திறங்குதல் பெரும்பேறன்றோ?

இனிச் சொல்லாது விடற்கியலாத ஒன்றுண்டு. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இப்பார்வையை உவமையாக்குகின்றார். மானைக் காட்டி மானைப் பிடித்தல்போல, மக்களை ஆட்கொள்ள இறைவன் மக்கள் வடிவிலேயே குருவாய் வருகின்றான் என்பது அவர் கருத்து. இறைவன் மனித வடிவுற்றான் என நம்பும் கிறிஸ்தவராகிய எமக்கு இவ்வுவமை உள்ளத்தைத் தொடுவதாயிற்று. ஆயின் இதே பார்வையை நூற்பாலைத் தரகரும் அறிவர். மூன்றாண்டு உழைத்தால் திருமணத்திற்கு மொத்தத் தொகை கிடைக்கும் என்னும் 'சுமங்கலித் திட்டம்' எம் வட்டாரத்தில் நடந்த காலத்தில், வறிய சிற்றூர்களினின்று பெண்மக்கள் அழைத்துவரப்பட்டனர். முன்னர்ச் சென்ற ஒருத்தியைப் புத்தாடையுடன் ஊர்முன் நிறுத்திக் காட்டினால் ஏனையோர் தாமே பின்வருவர் என்பது தரகர் கணக்கு. விடுதிச் சுவருக்குள் அடைபட்டுச் சொன்ன தொகை பெறாது திரும்பியோர் உளர். முன்னின்றவள் வஞ்சகியல்லள், விளாமரத்து மானைப்போல அவளும் கட்டுண்டவளே.

ஆகவே அன்புடைய மாணவ நண்பர்களே! கல்லூரியிற் பயின்று நல்லாடையுடுத்து ஊருக்குச் செல்லும் நாமும் இளையோர்க்கு ஒரு பார்வையாகவே நிற்கின்றோம். நம்மைக் கண்டு அவர் இறங்குமிடம் நீர்நிலையோ வலையோ என்பதை முன்னரே ஆராய்ந்து, உள்ளதை உள்ளவாறு அவர்க்கு உரைத்தல் நம் கடன். அவ்வாறு செய்வோமாயின், நாம் கற்ற அச்சொல் பயனுடையதாகும்.