டாஷ்போர்டு இருண்டால் டேட்டா போய்விடுமா?

நம்பிக்கை: மேலாண்மைத் திரை திறக்கவில்லை என்றால் க்ளஸ்டரே விழுந்துவிட்டது.

உண்மை: சர்வர்கள் சைபர்ஜெயாவில் இருக்கும், பார்த்துக்கொள்பவர் பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடியிலோ கிள்ளானிலோ இருப்பார். நள்ளிரவில் டாஷ்போர்டு சுற்றிக்கொண்டே நின்றால் அவருக்குக் கை பதறும், எல்லாச் சர்வரையும் ரீஸ்டார்ட் செய்யத் தோன்றும். அந்தக் கையைத்தான் முதலில் கட்ட வேண்டும்.

சேஜ் வைல் குழுவினர் 2006இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட செஃப் சேமிப்பு அமைப்பில், டேட்டா போகும் பாதை வேறு, டாஷ்போர்டு இயங்கும் இடம் வேறு. டிஸ்க்குகளை ஓஎஸ்டிகள் கவனிக்கின்றன. எந்த ஓஎஸ்டி உயிரோடு இருக்கிறது என்ற வரைபடம் மானிட்டர்களிடம் இருக்கிறது. டாஷ்போர்டோ, 2017இன் லூமினஸ் வெளியீட்டிலிருந்து கட்டாயமான மேனேஜர் (எம்ஜிஆர்) சேவைக்குள் ஓடும் ஒரு மாட்யூல். மேனேஜர் படுத்தாலும் வாடிக்கையாளரின் கோப்புகள் திறக்கும், சேமிக்கப்படும். புதுப் புள்ளிவிவரம் மட்டும் வராது. திரையில் கடைசியாகத் தெரிந்த கணக்கை நம்பக் கூடாது.

ஆகவே மானிட்டர் இருக்கும் சர்வருக்குள் நுழைந்து ‘செஃப் ஹெல்த் டீடெயில்’ என்று தட்டுங்கள். ‘நோ ஆக்டிவ் எம்ஜிஆர்’ என்று பதில் வந்தால் கோளாறு மேனேஜரோடு நிற்கிறது. மேனேஜர் இருந்தும் திக்கினால் ‘செஃப் எம்ஜிஆர் ஃபெயில்’ போதும், காத்திருப்பில் உள்ள இன்னொன்று பொறுப்பேற்கும். அந்த முதல் கட்டளைக்கே பதில் வராமல் தொங்கினால்தான் கவலை: மானிட்டர்களிடையே பெரும்பான்மை குலைந்திருக்கலாம். மூன்று மானிட்டர்களில் குறைந்தது இரண்டு பேசிக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: சந்தேகம் வந்தால் ரீஸ்டார்ட், அதில் என்ன கெட்டுவிடப் போகிறது?

உண்மை: நிறையக் கெடும். மூன்று பிரதிகள் வைக்கும் வழக்கமான அமைப்பில், இரண்டு சர்வர்களை ஒன்றாக அணைத்தால் ஒரே பிரதி எஞ்சிய டேட்டாவுக்கு செஃப் படிப்பதையும் எழுதுவதையும் நிறுத்திவிடும். அதுவரை எதுவும் தெரியாத வாடிக்கையாளர் அப்போதுதான் போன் எடுப்பார். ஒரே சர்வர் என்றாலும், 10 நிமிடத்தில் திரும்பாவிட்டால் அதன் டேட்டாவை மற்ற டிஸ்க்குகளில் மறுபடி உருவாக்கும் வேலை தொடங்கிவிடும். அணைக்குமுன் அந்த வேலையைத் தடுக்கும் ‘நோஅவுட்’ கொடியைப் போடுங்கள், முடிந்ததும் எடுங்கள்.

கடிகாரத்தையும் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். மானிட்டர்களுக்கிடையே 0.05 விநாடி விலகினாலே எச்சரிக்கை வரும். இடிமின்னலில் மின்சாரம் போய்த் திரும்பும் மாலைகள் நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் சாதாரணம். அதன்பின் முதலில் நேர ஒத்திசைவைப் பாருங்கள்.

டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரிந்தால் பேக்கப் இருக்கிறது என்ற நம்பிக்கைதான் எனக்கு மிகவும் பயம் தருவது. தவறுதலாக அழித்த கோப்பு மூன்று பிரதிகளிலும் அழியும், விளக்கு பச்சையாகவே இருக்கும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்த வெள்ளம் போல ஒன்று வந்தால், ஒரே கட்டடத்தில் உள்ள மூன்று பிரதிகளும் ஒரே தண்ணீரில்தான் நிற்கும். இன்னொரு பிரதியை வேறு ஊரில் வையுங்கள். அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பாருங்கள்.