பவளத் தொட்டிக்கு ஏற்ற விளக்கு

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் யோசனை கேட்க வரும் இளைஞர்கள், "எத்தனை வாட் விளக்கு வாங்கலாம் அண்ணே?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள், நானோ, "எந்தப் பவளம் தம்பி வளர்க்கப் போகிறீர்கள்? தொட்டி எவ்வளவு ஆழம்?" என்று திருப்பிக் கேட்பேன். சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் பல வருஷங்களாக இத்தகைய தொட்டியைப் பராமரித்து வருபவன் என்ற முறையில் எனக்கு உறுதிப்பட்ட அபிப்பிராயம் என்னவென்றால், விளக்குக்கு நாம் செய்யும் செலவை நிர்ணயிப்பது கடைக்காரர் சொல்லும் விலையன்று, நாம் வளர்க்க விரும்பும் ஜீவனே என்பதுதான்.

பவளம் ஒரு பிராணி. ஆயினும் அதன் திசுக்களுக்குள்ளே கண்ணுக்குப் புலப்படாத பாசிகள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, அதில் பெரும்பங்கை அந்தப் பிராணிக்கே ஈந்துவிடுகின்றன. கடல்நீரானது சூரிய ஒளியின் சிவப்பு அம்சத்தை முதல் சில மீட்டர்களுக்குள்ளேயே உறிஞ்சிக்கொண்டு நீலத்தையே ஆழத்துக்கு அனுப்புகிறபடியால், இந்தப் பாசிகளும் 420 முதல் 480 நானோமீட்டர் வரையிலுள்ள நீல ஒளியை நன்கு பயன்படுத்திக்கொள்கின்றன. மனிதக் கண்ணின் சுபாவமோ வேறு. அது பச்சையையும் மஞ்சளையும் பிரகாசமாகவும் நீலத்தை மங்கலாகவும் உணர்வது. ஆகையால் கடையில் கண் கூசும்படி ஜொலிக்கும் வெள்ளை விளக்கு தொட்டிக்குள் பிரயோஜனம் குறைந்ததாகவும், மங்கலாகத் தோன்றும் நீல விளக்கு போதுமான போஷாக்கு அளிப்பதாகவும் இருக்கக்கூடும்.

இதனால்தான் அனுபவஸ்தர்கள், ஒளிச்சேர்க்கைக்கு உதவும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியின் அளவை, 'பார்' என்ற பெயரால் மைக்ரோமோல் கணக்கில் குறிப்பிடுகிறார்கள். காளான் பவளங்களுக்கும் ஸோவாந்திட்களுக்கும் 50 முதல் 100 வரை இருந்தால் போதும். தோல் பவளங்களுக்கும், சுத்தியல், டார்ச் முதலிய சதைப்பற்றுள்ள கல் பவளங்களுக்கும் 80 முதல் 150 வரை வேண்டும். கிளை விட்டு வளரும் அக்ரோபோராவுக்கோ 200-க்குக் குறையாமல் 350 வரை தேவைப்படும். சிக்கனமாக ஆரம்பிக்க நினைப்பவர் முதல் இரண்டு வகைகளோடு நின்றுவிட்டால், விளக்கின் செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அந்த ஜீவன்களின் அழகும் சற்றும் குறைந்ததன்று.

சந்தையில் 165 வாட் என்று விற்கப்படும், 55 டயோடுகள் பதித்த கறுப்புப் பெட்டி எல்.இ.டி. விளக்குகள் மலிவானவை. மூன்று வாட் டயோடு என்ற பெயரைப் பெருக்கிச் சொல்லும் கணக்கு அது. நடைமுறையில் அவை இழுப்பது பெரும்பாலும் 100 முதல் 120 வாட் வரைதான். நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்பதையும், விளக்கின் கீழே ஒளி எவ்வளவு அகலம் பரவுகிறது என்பதையும் பார்த்துக்கொண்டால், நடுத்தரத் தொட்டிக்கு இவை தாராளமாகப் போதும். நண்பரொருவரிடம் இரவல் வாங்கிய ஒளிமானியை என் தொட்டியில் இறக்கிப் பார்த்தபோது, விளக்குக்கு நேர் கீழேயிருந்த பாறையுச்சியில் ஏறக்குறைய 300 காட்டிய அது, அதே ஆழத்தில் கண்ணாடி மூலைக்கு நகர்ந்ததும் 80-க்கு இறங்கிவிட்டது. கண்ணுக்கு இரண்டிடமும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. நாலடி நீளத் தொட்டிக்கு ஒரு பெரிய விளக்கைவிட இரண்டு சிறிய விளக்குகளே சிலாக்கியம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். ஒளிமானி விலையுயர்ந்த கருவி. ஒருவர் வாங்கிப் பலர் மாற்றி மாற்றி உபயோகிப்பதே உசிதம்.

பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகளை இன்றும் சிலர் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். அவற்றின் ஒளி அருமையானது. நீரலைகள் மணற்பரப்பில் ஆடும் காட்சியை வேறெந்த விளக்கும் அவ்வளவு சிறப்பாகத் தருவதில்லை. ஆனால் நம் போன்ற வெப்பமண்டலவாசிகளுக்கு இந்த விளக்கு ஏற்றதன்று. 250 வாட் விளக்கு தினம் எட்டு மணி நேரம் எரிந்தால் மாதம் 60 யூனிட். 100 வாட் எல்.இ.டி.க்கு 24 யூனிட். யூனிட்டுக்குச் சுமார் 30 காசு என்று வைத்துக்கொண்டால், முன்னதற்கு 18 வெள்ளி, பின்னதற்கு 7 வெள்ளி. அதோடு முடிந்துவிடுவதுமில்லை: அறையே 30 டிகிரியில் இருக்கும் ஊரில், தொட்டி நீரை 26 டிகிரியில் வைத்திருக்கச் சில்லர் ஓடியாக வேண்டும், விளக்கு கக்கும் உஷ்ணத்தை வெளியேற்ற அது மேலும் ஓடும். டி5 குழல்விளக்குகள் ஒளியைச் சமமாகப் பரப்புவதில் ஈடிணையற்றவை. எனினும் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்களுக்கொருமுறை குழல்களை மாற்ற நேர்வதால், முதலில் மிச்சமான பணம் பிறகு கரைந்துபோகும். விஞ்ஞானி ஷூஜி நகமுரா 1993-இல் பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கியிராவிட்டால், சாமானிய வருமானமுள்ள என் போன்றோர் பவளம் வளர்ப்பதே துர்லபமாக இருந்திருக்கும்.

விளக்கைப் பொருத்திய முதல் நாளே முழுச் சக்தியில் எரியவிடுதல் கூடாது. முப்பது சதவிகிதத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து சதவிகிதமாக உயர்த்தி வரவேண்டும். அதிக ஒளியால் அதிர்ச்சியுற்ற பவளம் தன் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். ஒளி போதவில்லையென்றால் ஸோவாந்திட்கள் தண்டை நீட்டி அண்ணாந்து நிற்கும். மிகுந்துவிட்டால் காளான் பவளத்தின் ஓரங்கள் உட்புறமாகச் சுருளும். காலையில் ஐந்து நிமிஷம் தொட்டியின் முன் அமர்ந்து இந்த லட்சணங்களைக் கவனிக்கப் பழகியவருக்கு மானிகூட அடிக்கடி தேவைப்படாது.

சிக்கனம் செய்யக்கூடாத இடம் ஒன்றுண்டு; அது மின் இணைப்பு. உப்பு நீர் தெறித்து ஒயரின் வழியே வழிந்து பிளக்கை அடையாதபடி, ஒயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட வேண்டும்; மின்கசிவு நேர்ந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனமும் அவசியம். விளக்கின் அடிக்கண்ணாடியில் படியும் உப்புத் திரையை வாரந்தோறும் நல்ல நீரில் நனைத்த துணியால் துடைக்காவிட்டால், காசு கொடுத்து வாங்கிய ஒளி அங்கேயே தடுக்கப்பட்டுவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள் சிலர் இந்தத் தொட்டியைக் கண்டு மயங்கி, தாங்களும் இப்படியே அமைக்க விரும்புகிறார்கள். இந்தியாவில் கல் பவளங்கள் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றவை. அவற்றை எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம், மன்னார் வளைகுடாவின் பவளத் திட்டுகளின் நிலையை அறிந்தவர் எவரும் அந்தச் சட்டத்தை ஆதரிக்கவே செய்வர். ஆகவே அவர்களுக்குக் கோமாளி மீன்களைச் சிபாரிசு செய்கிறேன். பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வு மையமும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையமும் அவற்றைக் கடலிலிருந்து பிடிக்காமலே குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையைக் கண்டிருக்கின்றன. அந்த மீன்களுக்கு ஒளிச்சேர்க்கை தேவையில்லை. பகலில் எட்டு மணி நேரம் எரியும் 20 வாட் எல்.இ.டி. ஒன்று போதும்.