சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா? ஆன்லைன் டெலிவரி கட்டணம்: தெரிந்துகொள்ள வேண்டியவை

குக்கர் கேஸ்கெட் தளர்ந்துபோச்சு, விசில் வரமாட்டேங்குது. பரவையில் இருக்கும் ஒருவர் செல்போனை எடுத்துத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேஸ்கெட் விலை 90 ரூபாய். முகவரி கொடுத்துவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போனால் டெலிவரி 79 ரூபாய், ஹேண்ட்லிங் 15 ரூபாய், ஆக மொத்தம் 184 ரூபாய். பொருளின் விலையைவிட அதைக் கொண்டுவரும் செலவு அதிகம்!

"இது பகல் கொள்ளை" என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, உண்மையிலேயே ஆகும் செலவு. மற்றொன்று, நம்மிடம் மறைத்துக் கடைசியில் சேர்க்கப்படும் தொகை. முதலாவதை நாம் குறைத்துக்கொள்ளலாம். இரண்டாவதைச் சட்டப்படி கேள்வி கேட்கலாம்.

சின்னப் பொருளுக்கு ஏன் இவ்வளவு?

பொருளின் விலைக்கும் அனுப்பும் செலவுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பேக்கிங், பதிவு, வண்டி, வீட்டு வாசலுக்கு வரும் ஊழியர் என எல்லாமே 90 ரூபாய் பொருளுக்கும் உண்டு, 9,000 ரூபாய் பொருளுக்கும் உண்டு.

அஞ்சல் துறையின் கட்டணத்தைப் பார்த்தாலே இது புரியும். ஆவணங்களுக்கான ஸ்பீடு போஸ்ட் கட்டணம் 2025 அக்டோபர் 1 முதல் மாற்றப்பட்டது. அதன்படி 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய். அதே 250 கிராம் வரை என்றால், 200 கிலோமீட்டர் தூரத்துக்குள் 59 ரூபாய் (வரி தனி). எடை ஐந்து மடங்கு கூடினாலும் கட்டணம் 12 ரூபாய்தான் கூடுகிறது. அதாவது, செலவின் பெரும்பகுதி முதல் 50 கிராமிலேயே வந்துவிடுகிறது.

இன்னொரு காரணம், பெட்டியின் அளவு. பல கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 5,000ஆல் வகுத்து ஒரு எடையைக் கணக்கிடுகின்றன. இந்த எடை, உண்மையான எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். கேஸ்கெட் நூறு கிராம்கூட இருக்காது. ஆனால் அதை 25 × 20 × 6 அளவுள்ள பெட்டியில் வைத்தால் கணக்கில் 600 கிராம் ஆகிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

டெலிவரி கட்டணம் வாங்குவது தவறில்லை. மறைப்பதுதான் தவறு.

நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020இன்படி, விற்பனையாளர் மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும். டெலிவரி, தபால், ஹேண்ட்லிங், வரி ஆகியவற்றின் பிரிப்பையும் அதனுடன் காட்ட வேண்டும். குறைபாடுள்ள பொருளோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளோ வந்தால் திரும்பப் பெறவும் பணத்தைத் தரவும் மறுக்கக் கூடாது.

2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 'டார்க் பேட்டர்ன்ஸ்' எனப்படும் 13 வகை ஏமாற்று உத்திகளுக்குத் தடை விதித்தது. அதில் இரண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்:

• டிரிப் பிரைசிங்: விலையின் ஒரு பகுதியை முதலில் சொல்லாமல், சொட்டுச் சொட்டாகப் பின்னால் சேர்ப்பது.
• பாஸ்கெட் ஸ்னீக்கிங்: நாம் கேட்காத பொருள், சேவை அல்லது நன்கொடையை நம் கூடையில் தானாகவே போட்டுவிடுவது. முறையாகத் தெரிவிக்கப்பட்ட டெலிவரி கட்டணம் இதில் சேராது.

பணம் கட்டும் முன்

1. பொருளின் விலையை ஒப்பிடாதீர்கள். டெலிவரியோடு சேர்ந்த மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள்.
2. அவசரமில்லாத சின்னச் சாமான்களைப் பட்டியல் போட்டு, ஒரே விற்பனையாளரிடம் சேர்த்து வாங்குங்கள். ஆனால் இலவச டெலிவரிக்காகத் தேவையில்லாததை வாங்கினால் அது மிச்சம் இல்லை, செலவு.
3. புத்தகம் என்றால், 'ஞான் போஸ்ட்' மூலம் அனுப்ப முடியுமா என்று பதிப்பகத்திடம் கேளுங்கள். 2025 மே 1 முதல் அஞ்சல் துறை நடத்தும் இந்தச் சேவையில் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய் (வரி தனி). கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் எங்கே வருகிறது என்று பார்க்கலாம்.
4. பக்கத்துப் பாத்திரக் கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள். அங்கே இல்லையென்றால் மதுரை நகருக்குள் இருக்கவே இருக்கிறது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் என்பதால் அந்தச் செலவும் மிச்சம்.

ஏமாற்றப்பட்டால்

"79 ரூபாய்க்கெல்லாம் யாருங்க புகார் கொடுப்பா?" என்று விட்டுவிடுகிறோம். நாம் இப்படி நினைப்போம் என்பதுதான் இந்த உத்தியின் பலமே. ஒருவருக்கு 15 ரூபாய் சின்னத் தொகை. லட்சம் பேரிடம் வாங்கினால் 15 லட்சம்.

• முதல் பக்க விலை, கடைசிப் பக்கத் தொகை இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.
• அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை அவர் உறுதிசெய்ய வேண்டும்; ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.
• பதில் இல்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.
• அதிலும் தீரவில்லை என்றால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், பரவைக்காரர் மதுரையிலேயே தாக்கல் செய்யலாம். 'இ-ஜாக்ருதி' தளத்தில் ஆன்லைனிலும் முடியும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

இந்த எஸ்எம்எஸ் வந்தால் உஷார்!

"உங்கள் பார்சல் நிற்கிறது, முகவரியைத் திருத்தச் சில ரூபாய் கட்டுங்கள்" என்று லிங்க்குடன் வரும் செய்தியைத் தொடாதீர்கள். சின்னத் தொகைதானே என்று கார்டு விவரம் கொடுத்தால், கணக்கில் இருக்கும் பணமே போய்விடலாம். பார்சல் நிலவரத்தை, நீங்கள் ஆர்டர் செய்த செயலியிலேயே பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

அடுத்த முறை 'பணம் செலுத்து' பட்டனை அழுத்தும் முன், மொத்தத் தொகைக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். எதற்கு என்று தெரியாத வரி ஒன்று இருந்தால், அங்கேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.