முதல் மாதக் கட்டணம்

அன்புள்ள காயத்ரி,

அத்தை எழுதுகிறேன். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று ஆன்லைன் எடைக்குறைப்புத் திட்டங்களையும் நிதானமாகப் படித்தேன். எது மலிவு என்று கேட்டிருந்தாய். மூன்றிலும் முதல் மாதக் கட்டணம்தான் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது.

இந்தத் திட்டங்களில் தரும் எடைக்குறைப்பு ஊசிகளை யாருக்கும் முழு அளவில் தொடங்குவதில்லை. குமட்டலும் வாந்தியும் படுத்தும் என்பதால், குறைந்த அளவில் ஆரம்பித்துக் குறைந்தது நாலு வாரத்துக்கு ஒருமுறைதான் ஏற்றுவார்கள். அளவு ஏற ஏற விலையும் ஏறும். மவுன்ஜாரோ என்ற ஊசி 2025 ஆகஸ்டில் பேனா வடிவில் இங்கே வந்தபோது 2.5 மில்லிகிராம் மாதத்துக்கு 14,000 ரூபாய், 15 மில்லிகிராம் 27,500. அதே ஆண்டு ஜூனில் வந்த வீகோவி தொடக்கத்தில் 17,345, முழு அளவில் 26,015. ஒரு பேனா நாலு வாரம் வரும், வருஷத்துக்குப் பதின்மூன்று வேண்டும். அன்றைய விலையில் கூட்டிப் பார், மூன்று லட்சத்தைத் தாண்டும். முதல் மாதத்தைப் பன்னிரண்டால் பெருக்கி நீ போட்ட கணக்கு அதற்குக் கிட்டேகூட வராது.

அதற்குப் பிறகு விலை இறங்கியது. அந்த ஆண்டு நவம்பரிலேயே வீகோவியின் விலையைக் குறைத்தார்கள். 2026 மார்ச் 20இல் வீகோவியில் இருக்கும் மருந்தான செமாக்ளூடைடின் காப்புரிமை இந்தியாவில் முடிந்ததும் நம் கம்பெனிகளும் அதே மருந்தைக் குறைந்த விலையில் விற்க வழி பிறந்தது. ஆகவே இப்போது நீ கேட்க வேண்டியது வேறு. எந்த மருந்து, எந்தக் கம்பெனி, எத்தனை மில்லிகிராம்? மருந்துக்கு எவ்வளவு, டாக்டருக்கு எவ்வளவு, ஆப் சந்தாவுக்கும் டயட்டீஷியனுக்கும் எவ்வளவு? பிரித்து எழுதித் தரச் சொல். நீ அனுப்பியதில் ஒன்றில் மருந்தின் பெயரே இல்லை. அதை இன்றைக்கே ஒதுக்கிவிடு. உடல் பருமனைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது என்பதும் உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஆன்லைன் டாக்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் ஸ்பெஷலிஸ்ட் இல்லாத ஊர்க்காரர்களுக்கு அது பெரிய உதவி. அரசின் இ-சஞ்சீவனியில் காசில்லாமலே டாக்டரிடம் பேசலாம். ஆனால் 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ விதிகளைத் தெரிந்துகொள். டாக்டர் தன் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும். மருந்தை எழுதுவது மனிதராக இருக்க வேண்டும், செயற்கை நுண்ணறிவு எழுதக் கூடாது. எந்தக் கட்டத்திலும் அந்த ஆலோசனையை நிறுத்திக்கொள்ள உனக்கு உரிமை உண்டு. படிவத்தை நிரப்பினால் போதும், ஊசி வீட்டுக்கு வரும் என்கிற இடத்தில் இதில் எதுவும் நடக்காது.

நீ இருப்பது அடையாறில், நேரில் போய்ப் பார்க்க இடமுண்டு. கோபாலபுரத்தில் டாக்டர் மோகன்ஸ் சர்க்கரை நோய் மருத்துவமனை இருக்கிறது. தரமணி வி.ஹெச்.எஸ். மருத்துவமனை, வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் என்ற எண்ணத்தோடு டாக்டர் சஞ்சீவி 1958இல் தொடங்கியது. ராயப்பேட்டை அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவள் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். பிரிக்காத பேனா 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. கூரியரில் வந்து, மே மாத வெயிலில் உங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அறையில் சாயங்காலம் வரை கிடந்தால் அதை நம்பிப் போட்டுக்கொள்ள முடியாது. போலிச் செமாக்ளூடைட் பற்றி உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எச்சரித்தது. லஸ் கார்னரிலோ தி.நகரிலோ ஃப்ரிட்ஜ் வைத்திருக்கும் பழகிய மருந்துக்கடையில், சீட்டைக் காட்டி, பில்லோடு வாங்கு.

எனக்கு உண்மையில் கவலை வேறு. அடுத்த வருஷம் குழந்தை பற்றி யோசிப்பதாகச் சொன்னாய். செமாக்ளூடைடைக் கருத்தரிக்க நினைப்பதற்கு இரண்டு மாதம் முன்பாவது நிறுத்த வேண்டும். நிறுத்தினால் என்ன ஆகும்? வீகோவியின் பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாகச் சுமார் 15 சதவீத எடை குறைந்தது. ஊசியையும் அதோடு கொடுத்த ஆலோசனையையும் நிறுத்திய ஒரு வருஷத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. குழந்தை பற்றிய யோசனை உண்டா என்று அந்த மூன்று திட்டங்களின் படிவங்களில் எதுவும் உன்னிடம் கேட்கவில்லை. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்ததா, கணையத்தில் எப்போதாவது வீக்கம் வந்ததா என்றும் கேட்கவில்லை. உன் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் உனக்கு ஹெச்பிஏ1சி என்ற சர்க்கரைப் பரிசோதனை பார்த்தாக வேண்டும், அதையும் கேட்கவில்லை. பிஎம்ஐ 30 அல்லது அதற்கு மேல், இல்லாவிட்டால் 27 அல்லது அதற்கு மேல் இருந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற தொந்தரவும் சேர்ந்திருந்தால்தான் இந்த ஊசி. உன் பிஎம்ஐ 28. வேறு தொந்தரவு இருக்கிறதா என்பது ரத்தப் பரிசோதனையும் ரத்த அழுத்தமும் பார்த்தால்தான் தெரியும்.

யாருக்கும் இப்போது பணம் கட்டாதே. இந்த வாரம் ரத்தம் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட்டோடு ஒரு நாளமில்லாச் சுரப்பி டாக்டரை நேரில் பார். குழந்தை பற்றிய யோசனையை முதலிலேயே சொல். கூட நானும் வருகிறேன். மயிலாப்பூரிலிருந்து ஆட்டோவில் வந்துவிடுவேன், எந்த நாள் என்று மட்டும் போன் பண்ணு.

அன்புடன்,
அத்தை