ஊருக்குப் போகிறீர்களா? நுளம்புக்கும் ஆயத்தமாகுங்கள்

டொரண்டோ பியர்சன் விமான நிலையத்துக்கு வெளிக்கிடுமுன் பெட்டியை மூன்று தரம் நிறுப்போம். சொக்லட்டுக்கு இடமிருக்கும், நுளம்பு மருந்தை மறந்துவிடுவோம். "சொந்த ஊருக்குத்தானே போறம்" என்ற நினைப்பு. இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதென 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது உண்மை. ஆனால் அடுத்த ஆண்டே அங்கே 1,80,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவானார்கள். டெங்கு வைரஸ் நான்கு வகை. ஒன்று வந்து மாறியவருக்கு இன்னொன்று தொற்றினால் ஆபத்துக் கூடும். ஊரில் வளர்ந்த உடம்பு என்ற தைரியம் டெங்குவிடம் உதவாது.

1. ஆறு கிழமைக்கு முன்: குடும்ப வைத்தியரிடம் போகும் இடமெல்லாம் சொல்லுங்கள். இந்தியாவின் சில பகுதிகளில் மலேரியா இன்னும் உண்டு. தடுப்பு மாத்திரை தேவையா என்று கேளுங்கள்.

2. வாங்க வேண்டியது: 20% இக்காரிடின் உள்ள நுளம்பு மருந்து, ஆறு மாதம் தாண்டிய எவருக்கும் பூசலாம். டீட் என்றால் பெரியவர்களுக்கு 30% வரை. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 10%க்கு மேல் வேண்டாம். ஆறு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைக்கு வலைதான்.

3. பூசும் முறை: முதலில் வெயில் கிறீம், அது காய்ந்தபின் நுளம்பு மருந்து. பிள்ளைகளின் உள்ளங்கையில் பூசாதீர்கள். கை வாய்க்குப் போகும்.

4. நேரம்: டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, காலையிலும் பின்னேரத்திலும் கடி அதிகம். விடியக் கோயிலுக்குப் போகும்போதே பூசுங்கள். மத்தியானம் தூங்கும் பிள்ளைக்கும் வலை கட்டுங்கள்.

5. வளவு: பூட்டிக் கிடந்த வீடென்றால் போன அன்றே சுற்றிப் பாருங்கள். பீலி, பூச்சாடித் தட்டு, சிரட்டை, பழைய டயர் எதிலும் தண்ணீர் நிற்கக் கூடாது. முட்டை நுளம்பாக ஒரு கிழமையளவு போதும், கிழமைக்கொருமுறை கவிழ்த்துவிடுங்கள். மார்கழி விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு இது இரட்டிப்பு அவசியம். அங்கே மழையோடு டெங்கும் ஏறும் காலம் அது.

6. காய்ச்சல் வந்தால்: பனடோல் மட்டும் (இங்கத்தைய டைலனோல் அதேதான்). டெங்கு இல்லையென்று தெரியும்வரை அட்வில், அஸ்பிரின் வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும். இருதயத்துக்கு அஸ்பிரின் எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளுங்கள். காய்ச்சல் விட்டதும் நிம்மதியடையாதீர்கள். டெங்கு மோசமாவது அப்போதுதான். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, முரசில் இரத்தம், மயக்கம் எது கண்டாலும் உடனே ஆஸ்பத்திரி.

7. திரும்பிய பின்: டெங்கு இரண்டு கிழமைக்குள் தலைகாட்டும்; மலேரியா மாதங்கள் கழித்தும் வரலாம். குளிர்காலத்தில் மிசிசாகாவில் காய்ச்சலென்று போனால் வைத்தியர் முதலில் ஃப்ளூவைத்தான் நினைப்பார். எங்கே போய் வந்தீர்களென்று அவர் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள்.