பெரிய கோயிலில் இருப்பது இந்தி அல்ல

அன்புள்ள மகிழினிக்கு,

பள்ளிச் சுற்றுலாவில் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனதையும், தென்மேற்குப் பக்கச் சுவரில் "முழுக்க இந்தி" இருந்ததையும் எழுதியிருந்தாய். யார் எழுதி வைத்தது என்று கோபம் வேறு!

எழுத்து நாகரிதான், மொழி மராத்தி. 1803-இல் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி தன் போன்ஸ்லே குலத்து வரலாற்றை அங்கே வெட்டிவைத்தார். விமானத்தின் அடியில் ராஜராஜனின் தமிழ் எழுத்தையும் பார்த்திருப்பாய். நடந்தால் இரண்டு நிமிஷ தூரம். இடையில் ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகள்.

அந்த இடைவெளியில் தெலுங்கும் வந்தது. 1532 முதல் 1673 வரை தஞ்சையை ஆண்ட நாயக்கர்களின் மொழி அது. பிறகு 1670களில் சிவாஜியின் மாற்றாந்தாய்த் தம்பி ஏகோஜி ஊரைப் பிடித்தார். முந்தையவர்களின் மொழியைத் தூக்கி எறிந்திருப்பார்கள் என்றுதானே நினைப்பாய்? ஏகோஜியின் மகன் சகஜி தெலுங்கிலேயே 'பல்லகி சேவா பிரபந்தம்' எழுதினார். அதோடு விடவில்லை. 'பஞ்சபாஷா விலாசம்' என்று ஒரு நாடகம். தமிழ், தெலுங்கு, மராத்தி, இந்தி, வடமொழி ஐந்தும் அதில் பேசும். பார்க்க உட்கார்ந்தவர்களுக்கு ஐந்தும் ஓரளவாவது காதுக்குப் பழகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாருக்காக எழுதுவது? எனக்கு ராஜாவைவிட அந்தச் சபைமேல்தான் பொறாமை.

சரபோஜியும் சதிராட்டத்துக்கு மராத்தியில் பாட்டு எழுதியவர். ஆட்டம் இந்த ஊருடையது, பாட்டு அவருடையது.

இந்த மொழிக் கலப்பு அரண்மனையோடு நிற்கவில்லை. உன் கடிதத்தையே எடு: "பண்டிகை நாள், சந்தடி ஜாஸ்தி." பண்டிகை, தெலுங்கின் 'பண்டுக'. சந்தடியும் அங்கிருந்து வந்ததே. ஜாஸ்திக்கு வேர் அரபியில். மராத்திக்காரர் இன்றும் இதே பொருளில்தான் அதைச் சொல்கிறார். மூன்றையும் எடுத்துவிட்டால் உன் வாக்கியத்தில் 'நாள்' மட்டும் மிஞ்சும்!

சாம்பார் சிவாஜியின் மகன் சம்பாஜிக்காகச் செய்தது என்று வழிகாட்டி சொன்னாராமே. நல்ல கதை. சாம்பாரைச் சாப்பிடு, கதையை விட்டுவிடு.

சொற்கள் வருகிற பாதையே அவை போகிற பாதையும்கூட. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு மராத்திப் பாட்டி இருந்தார். அவர் பேச்சில் பாதி தமிழ். புணேயிலிருந்து வந்த உறவினர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். பேரனை மராத்தியில் திட்டத் தொடங்குவார். கோபம் ஏற ஏறத் தமிழுக்கு வந்துவிடுவார். பேரனும் அதுவரை அசையமாட்டான். முதல் தமிழ்ச் சொல் விழுந்ததும்தான் ஓடுவான்.

அரையாண்டு விடுமுறைக்கு வா. அந்தச் சுவரை நிதானமாகப் பார்க்கலாம். காலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் அந்தக் கல்தரையில் கால் வைக்க முடியாது.

அன்புடன்,
மாமா